கேள்வி இல்லாத விருப்பம்

நாகர்கோவிலில் கணினிக்கு இயங்குதளம் செய்கிற அரசு நிறுவனம் ஒன்று இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். அது இருந்த காலத்திலேயே யாரும் நம்பவில்லை. பழைய நெல் கிட்டங்கி ஒன்றுக்கு வெள்ளையடித்து, 'தென்முனைக் கணித்தமிழ் இயங்குதள மேம்பாட்டு நிறுவனம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகையைப் படித்து முடிப்பதற்குள் பேருந்து தாண்டிப் போய்விடும். வேலைக்குச் சேர வந்தவர்களெல்லாம் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவர்கள்தான்.

இயங்குதளத்தின் பெயர் 'குமரி'. வெளிநாடுகளில் யார் யாரோ உட்கார்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு, அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்து, வட்டில் பதித்துப் பள்ளிக்கூடங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கொடுப்பது நிறுவனத்தின் பணி. அதன் நடுவில் கரு என்று ஒன்று உண்டு. கணினியைப் போட்டதும் முதலில் எழுந்து மற்றதையெல்லாம் எழுப்பிவிடுவது அதுதான். அதைக் 'கரு' என்பதா 'உட்கரு' என்பதா என்று ஒரு குழு எட்டு மாதம் கூடிக் கூடிப் பேசி, பேச்சில் கரு என்றும் கோப்பில் உட்கரு என்றும் வழங்கலாம் என முடிவு செய்து கலைந்தது.

ஆன்ஸ்லின் அங்கே ஒப்பந்த முறையில் ஆவண உதவியாளராகச் சேர்ந்தாள். மார்த்தாண்டத்துக்காரி. கணினிப் பட்டம் வாங்கியவள், கொஞ்சம் தமிழும் தெரியும் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் தெரிந்தவர் நிறுவனத்தில் வேறு யாரும் இல்லை என்பது சேர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

கருவைக் கட்டுவதற்கு முன்னால், கட்டும் மென்பொருள் கேள்வி கேட்கும். இந்த அச்சுப்பொறிக்கு இடம் வைக்கவா? இந்த வகை வட்டு வேண்டுமா? வேண்டும், வேண்டாம் என்று பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விருப்பம் என்று பெயர். அது என்ன, எதற்கு என்று கீழே ஒரு குறிப்பு இருக்கும். ஆனால் சில விருப்பங்களுக்குக் கேள்வியே கிடையாது. திரையில் தெரியாது. வேறொன்றுக்கு வேண்டும் என்று சொன்னால் இதுவும் சத்தமில்லாமல் கூடவே உள்ளே போய்விடும். கல்யாண வீட்டில் அழைத்தவரோடு அழைக்காத மச்சினனும் வந்து பந்தியில் உட்காருவது போல.

2010இல் சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் காபி குடித்துக்கொண்டே, "மறைந்திருக்கும் விருப்பங்கள் எத்தனை?" என்று கேட்டார். எங்கோ படித்திருப்பார். இயக்குநர் கோலப்பனுக்குப் பதில் தெரியவில்லை. மறைந்திராத விருப்பங்கள் எத்தனை என்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் அதை அதிகாரி கேட்கவில்லை.

மறுநாள் எல்லோரையும் முற்றத்தில் கூட்டி இயக்குநர் பேசினார்.

"எனக்குத் தெரிந்து இந்த நிறுவனத்தில் ஒன்றும் நடப்பதில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, எனக்குத் தெரியாமல் மட்டும் எப்படி ஒன்று நடக்கலாம்? பொங்கல் வெளியீட்டுக்குள் மறைந்திருக்கும் ஒவ்வொரு விருப்பமும் ஆவணப்படுத்தப்பட வேண்டும். ஆவணம் இல்லாத விருப்பம் நீக்கப்படும். அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டாம். பார்த்தால் நீக்க மனம் வராது."

எல்லோரும் கை தட்டினார்கள். 'மறைவிருப்ப ஆவணப் பிரிவு' பிறந்தது. துணை இயக்குநர் குமாரதாஸ் அதற்குத் தலைவர். பெயரிலேயே மறைவு இருக்கும்போது அறை வாசலில் பலகை வைக்கலாமா என்ற ஐயம் முதல் கூட்டத்தில் எழுந்தது. முடிவு வரும்வரை பலகை வேண்டாம் என்றார் குமாரதாஸ். அதனால் பிரிவுக்கு வந்த நாற்காலிகள் கணக்குப் பிரிவுக்குப் போய்விட்டன. ஆன்ஸ்லின் வட்டுப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள்.

அப்படித் தேடும்போதுதான் 'குரல்_வீடு' அகப்பட்டது. கேள்வி இல்லை. குறிப்பு இல்லை. எழுதியவர் தேவகுமார் என்று மட்டும் இருந்தது. தேவகுமாரை அவள் பார்த்ததில்லை. அவள் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்பு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் தக்கலைப் பக்கம் லாரி மோதி இறந்துபோன பொறியாளர். பார்வையற்றோருக்காகக் கணினியைப் பேச வைக்கும் பகுதி அவர் செய்தது. அந்தப் பகுதியை வேண்டும் என்றால் குரல்_வீடும் கூடவே உள்ளே போய்விடுகிறது என்பது ஆன்ஸ்லினுக்குப் புரிந்தது. ஆனால் குறிப்பிட்ட ஒரு கணினியில் மட்டும்தான் அது வாய் திறக்கும். அது குலசேகரத்தில் தேவகுமாரின் வீட்டுக்குக் கொடுத்த கணினி என்று பதிவேட்டில் இருந்தது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, தன் கணினியில் போட்டுப் பார்த்தாள்.

ஒலிபெருக்கியிலிருந்து ஓர் ஆண் குரல், கொஞ்சம் சளி பிடித்த குரல், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஊர்ப் பேச்சில் சொல்வது அறை முழுக்கக் கேட்டது.

"எழும்பியாச்சு ஏட்டி. மெமரி கொள்ளாம். டிஸ்க்கும் கொள்ளாம். நீ சாயா குடிச்சியா?"

குமாரதாஸ் திடுக்கிட்டு எழுந்தார். "யாரது? வாசலில் அனுமதிச் சீட்டு வாங்கினாரா?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆன்ஸ்லின் குலசேகரத்துக்குப் பேருந்து ஏறினாள். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சின்ன வீடு. கொடியில் ரப்பர் ஷீட் காய்கிற வாடை. கதவைத் திறந்தது தேவகுமாரின் மனைவி பெபிஷா. பிறவியிலேயே பார்வை இல்லை. ஊரில் ஒரு வியாபாரச் சங்கத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை பார்க்கிறாள்.

"நிறுவனத்துலயிருந்தா? கம்ப்யூட்டர தூக்கிட்டுப் போகவா வந்திய?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்லக்கா. அதுக்குள்ள ஒரு குரல் உண்டு இல்லியா, அதப் பத்திக் கேக்க வந்தேன்."

பெபிஷா மேசையைத் தடவிப் போய்க் கணினியைப் போட்டாள். சளி பிடித்த அதே குரல் எழும்பியாச்சு ஏட்டி என்றது. மெமரி கொள்ளாம் என்றது. சாயா குடிச்சியா என்றது.

"குடிச்சேன்" என்றாள் பெபிஷா, கணினியைப் பார்த்து. பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். "கிறுக்கின்னு நெனைப்பிய. கலியாணத்துக்குப் பெறகு நான் கம்ப்யூட்டர் படிக்கும்போ, மிசினு எழும்பிச்சா இல்லியான்னு எனக்குத் தெரியாது. கிடந்து கரையுவேன், கண்ணீரு நிக்காது. அப்பந்தான் அவரு இத செய்தாரு. கரண்டு போயி வந்தா, 'கரண்டுதான், பயப்படாண்டாம்'னு சொல்லும். சூடு கூடிச்சுன்னா ஜன்னல திறக்கச் சொல்லும். எல்லாம் அவருக்க சத்தந்தான்."

"இது உங்க ரெண்டு பேருக்கும் மட்டுந்தான் தெரியுமா?"

"பின்ன? அவரு செத்தப்போ எல்லாரும் அவருக்க போட்டோவ பெருசாக்கிக் கொண்டாந்து தந்தினும். அந்தா சொவருல கெடக்கு. எனக்கு அது எதுக்கு மக்கா? தொட்டுப் பாத்தா கண்ணாடி. எனக்கு இது மட்டுந்தான் உண்டு."

ஆன்ஸ்லின் நிறுவனத்தின் உத்தரவைச் சொன்னாள். பொங்கலுக்குள் எழுதி வைக்காவிட்டால் எடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னாள். பெபிஷாவின் விரல்கள் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

"நீ எழுதித் தருவியா?"

"எழுதிருவேன் அக்கா. எழுதி ஒப்புதல் வாங்கிட்டா அப்புறம் ஒருத்தரும் தொட முடியாது."

அவள் அதை முழு மனதோடு நம்பித்தான் சொன்னாள்.

ஒப்புதல் குழுவின் முதல் அமர்வு, குரல் யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றியது. இயக்குநர் சுருக்கமாகப் பேசினார். "அலுவலக நேரத்தில் பேசியிருந்தால் குரல் அலுவலகத்துக்குச் சொந்தம். சாப்பாட்டு நேரத்தில் பேசியிருந்தால், சாப்பாட்டு நேரத்தில் அலுவலக மைக்கைப் பயன்படுத்திய குற்றம். இரண்டில் எது என்று ஊழியரிடம் விளக்கம் கேளுங்கள்."

"அவர் இறந்துட்டார் சார்" என்றாள் ஆன்ஸ்லின்.

"இருக்கட்டும். இறந்தவர் விளக்கம் தராமல் இருப்பதற்கும் ஒரு விளக்கம் வேண்டும்."

இரண்டாம் அமர்வுக்கு மொழி வல்லுநர் ஒருவர் வந்திருந்தார். குரலை இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார். வீட்டுப் பெண்களைக் கூப்பிடுகிற ஏட்டி அரசுக் கணினிக்குத் தகாது என்றார். "'மதிப்பிற்குரிய பயனரே, தங்கள் கணினி விழித்தெழுந்துள்ளது' என்று அவரையே மறுபடி பேசவைத்துப் பதிவு செய்துவிடுங்கள்" என்றார். இறந்துவிட்டார் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. வல்லுநர் வருத்தம் தெரிவித்தார். அப்படியானால் பதிவை மாலைக்குள் முடிக்க வேண்டாம், வசதிப்படி செய்யலாம் என்றார்.

மூன்றாம் அமர்வு முழுக்கச் சாயாவில் போயிற்று. நீ சாயா குடிச்சியா என்று கணினி கேட்கிறது. பயனர் பதில் சொல்கிறார். அந்தப் பதில் எங்கே சேமிக்கப்படுகிறது? சேமிக்கப்படவில்லை என்றால், பதில் வாங்காத கேள்வியை அரசு எதற்குக் கேட்க வேண்டும்? குடிக்கவில்லை என்று பயனர் சொன்னால் சாயா வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு எந்தப் பிரிவுடையது? கணக்குப் பிரிவு தன்னுடையது இல்லை என்று எழுத்தில் தெரிவித்துவிட்டது. விவாதத்தின் நடுவே உறுப்பினர்களுக்குச் சாயா வந்தது. குடித்துவிட்டு ஒத்திவைத்தார்கள்.

நான்காம் அமர்வில் ஒரு விதி குறுக்கே வந்தது. குரலுக்கு உரியவர் நேரில் வந்து சம்மதம் தர வேண்டும். ஆன்ஸ்லின் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் குமாரதாஸ் கெட்டவர் இல்லை. விதிகளுக்குள் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தால் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர். "குரல் நேரில் வந்தால் போதாதா? ஆளை எதற்குக் கூப்பிட வேண்டும்?" என்றார்.

அப்படித்தான் பெபிஷா, கணினியை ஆட்டோவில் ஏற்றி மடியில் பிடித்துக்கொண்டு, குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் வரை வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கணவனின் அலுவலகத்துக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை. வாசலில் அவளுக்கு ஓர் அனுமதிச் சீட்டும், கணினிக்கு ஓர் அனுமதிச் சீட்டும் கொடுத்தார்கள். குழுவின் முன்னால் மேசை போட்டு, கணினியை வைத்து, மின் இணைப்பு கொடுத்தார்கள்.

"எழும்பியாச்சு ஏட்டி" என்றது குரல். சிறிது நேரம் கழித்து, "சூடு கூடுது. ஜன்னல திற" என்றது.

எவரும் எதிர்பாராத விதமாக மொழி வல்லுநர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். அறைக்குள் காற்று வந்தது. பெபிஷாவின் முகம் பூரித்துப்போயிருந்தது. பத்து ஆண்கள் முன்னால் தன் கணவன் பேசுகிறான், அவர்கள் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவன் சொன்னதைச் செய்கிறார்கள். அந்தப் பெருமையை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. ஆன்ஸ்லின் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடவடிக்கைக் குறிப்பில் 'குரலுக்கு உரியவர் நேரில் ஆஜரானார். ஆட்சேபம் இல்லை' என்று எழுதப்பட்டது.

ஒப்புதல் கிடைத்துவிட்டது. இரண்டு சின்னத் திருத்தங்கள் மட்டும் என்றார் குமாரதாஸ். ஆவணப்படுத்திய விருப்பம் மறைவாக இருக்கக் கூடாது, ஆகவே அதற்கு ஒரு கேள்வி வைக்க வேண்டும். 'வீட்டுக் குரல் வேண்டுமா?' என்று கேள்வி வைத்தார்கள். அடுத்தது, எல்லாக் குறிப்புகளுக்கும் உள்ள பொதுவான கடைசி வரி இதற்கும் வேண்டும். 'ஐயமிருப்பின் வேண்டாம் எனத் தெரிவிக்கவும்.'

"சார், இதுக்கு அந்த வரி வேண்டாமே" என்றாள் ஆன்ஸ்லின். "கட்டுகிறவருக்கு இது என்னன்னு தெரியாது. சந்தேகம் வரத்தானே செய்யும்?"

"வந்தால் வேண்டாம் என்பார். அதனால் என்ன?" குமாரதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த நிறுவனம் இத்தனை வருஷம் நிற்பதே அந்த ஒரு வரியால்தான் அம்மா. ஐயம் வந்தபோதெல்லாம் வேண்டாம் என்றோம். அதனால் ஒரு தப்பும் நடக்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. நீ சொல்வதால், கட்டுமானப் பிரிவுக்கு நானே வாய்வழியாகத் தெரிவித்துவிடுகிறேன்."

அவரும் மறக்காமல்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் சொன்னது பிரிவின் பொறுப்பாளரிடம். பொறுப்பாளர் மகள் கல்யாணத்துக்கு விடுப்பில் போய்விட்டார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் நிறுவனத்தின் வேன்கள் மாவட்டம் முழுக்கச் சுற்றின. ஒவ்வொரு வீட்டிலும் பள்ளியிலும் புதிய குமரியை ஏற்றி, பழைய வட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தன. அலுவலகக் கணினிகளுக்கும், ஆன்ஸ்லினுடையது உட்பட, புதியது ஏற்றினார்கள். பெபிஷா பழைய வட்டைத் தானே எடுத்துத் துடைத்து வேன்காரர்களிடம் கொடுத்தாளாம். எழுதியாச்சு, ஒப்புதல் ஆச்சு, இனி ஒருத்தரும் தொட முடியாது என்று ஆன்ஸ்லின் அவளிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

வெளியீட்டு நாளன்று 'பழைய வட்டு ஒழிப்பு விழா' நடந்தது. பழைய பதிப்பு எவர் கையிலும் இருக்கக் கூடாது என்பது இயக்குநரின் கொள்கை. முற்றத்தில் வட்டுகளைப் பரப்பி, சாலை போடுகிற ரோலர் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து, குத்துவிளக்கேற்றி, அதன் மேல் ஓட்டினார்கள். செண்டை மேளம் இருந்தது. ஆண்டின் சிறந்த ஆவணக் குறிப்புக்கான கேடயத்தை ஆன்ஸ்லினுக்குக் கொடுத்தார்கள். இயக்குநர் அவள் எழுதிய குறிப்பை முழுவதும் வாசித்தார், கடைசி வரியைக் குரலை உயர்த்தி வாசித்தார். கூட்டம் கை தட்டியது.

கேடயத்தோடு அவள் நேரே கட்டுமானப் பிரிவுக்குப் போனாள். அங்கிருந்த தற்காலிக ஊழியர் திரையைக் காட்டினார். வீட்டுக் குரல் வேண்டுமா? வேண்டாம்.

"வீட்டுக் குரல்னு போட்டிருந்து. இது ஆபீசுல்லா? ஒரு டவுட்டு வந்து. கீழ வாசிச்சேன், டவுட்டு வந்தா வேண்டாம்னு போட்டிருந்து. வேண்டாம்னுட்டேன்" என்றார் அவர். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அந்த நிறுவனத்தில் ஒரு குறிப்பைக் கடைசி வரை வாசித்த முதல் ஆள் அவர்தான்.

"அந்தக் குரல் கோப்பு?"

"வேண்டாம்னதுக்க கோப்ப எல்லாம் அழிச்சிரணும்லா. இடம் காணாதே."

ஆன்ஸ்லின் முற்றத்துக்கு ஓடினாள். ரோலர் நின்றுவிட்டிருந்தது. வெள்ளித் தூளை ஒருவர் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து இறங்கி வந்த இயக்குநரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவளுக்கு வார்த்தை கோவையாக வரவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். அவள் தோளில் தட்டினார்.

"அழாதே. விருப்பம் போனால் என்ன, ஆவணம் இருக்கிறதே! எத்தனையோ நிறுவனங்களில் பொருள் இருக்கும், அதற்கு ஆவணம் இருக்காது. அந்தக் கேவலம் நமக்கு வரவில்லை."

மறுநாள் அவள் குலசேகரத்துக்குப் போனாள். பேருந்தில் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, இறங்கும்போது ஒன்றும் மீதியிருக்கவில்லை.

பெபிஷா மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஒலிபெருக்கியின் கம்பிகளைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். "யாரு, ஆன்ஸ்லினா? நல்ல நேரத்துக்கு வந்த மக்கா. வேன்காரனுவ எதையோ இளக்கி விட்டுட்டானுவ. ரெண்டு நாளா சத்தம் வரல்ல. ஒரு பொம்பள சத்தம் மட்டும், 'கணினி தயார்'ன்னு சொல்லுது. அவரு சத்தத்த காணல்ல. ஒண்ணு பாரு."

"கம்பி இல்லக்கா."

"பின்ன?"

ஆன்ஸ்லின் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கேள்வி வைத்தது, கடைசி வரி, ரோலர், அழித்த கோப்பு. தன் கணினியில்கூட இல்லை என்று சொன்னாள். எழுதாமல் விட்டிருந்தாலும் போயிருக்கும், எழுதியதாலும் போய்விட்டது, ஆனால் எழுதியது நான்தான் அக்கா என்று சொன்னாள்.

பெபிஷா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள்.

"அவரு அத ஒளிச்சு வச்சிருந்தாரு இல்லியா?"

"ஆமாக்கா."

"என்னத்துக்கு ஒளிச்சு வச்சாருன்னு உங்க ஆபீசுல ஒருத்தருக்குமா தோணல்ல?"

பெபிஷா மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. அப்படி ஓர் அழுகையை ஆன்ஸ்லின் அதுவரை கேட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தானும் அழுதாள்.

அடுத்த வீட்டு செசிலி, ரப்பர் ஷீட்டைப் பாதியில் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தாள். "ஏட்டி பெபிஷா, என்னட்டி? யாருக்கு என்ன ஆச்சு?"

பெபிஷா தலையைத் தூக்கினாள்.

"அவரு போயிட்டாரு அக்கா" என்றாள்.

தேவகுமாரை அடக்கம் செய்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. குழிக்கு மண் போட்டவர்களில் செசிலியும் ஒருத்தி. அவள் ஆன்ஸ்லினைப் பார்த்தாள், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். எப்போது என்றோ எப்படி என்றோ அவள் கேட்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சாவு வீட்டில் உட்காருவது போலச் சுவரோரமாக உட்கார்ந்தாள்.